பாதி ஜெயித்த வழக்கில் கைக்கு எவ்வளவு திரும்பும்? கிருஷ்ணகிரி, தருமபுரி சிவில் வழக்குச் செலவுத் தொகை: ஒரு மதிப்புரை

சிவில் வழக்கு என்பது முன்பணம் கட்டி வாங்கும் சேவை. பணம் கேட்டுப் போடும் வழக்குக்குத் தமிழ்நாட்டில் இப்போது நூற்றுக்கு 3 ரூபாய் கோர்ட் ஃபீஸ். 2017-க்கு முன்பு ஏழரை ரூபாயாக இருந்தது. அதன் மேல் வக்கீல் ஃபீஸ், பேட்டா (சம்மன் அனுப்பும் கட்டணம்), டைப்பிங், சாட்சிப்படி. ஜெயித்தால் இதெல்லாம் எதிராளியிடமிருந்து திரும்பி வரும் என்பது வாக்குறுதி. முழுசாக ஜெயித்தவருக்கு அது ஓரளவு நிறைவேறுகிறது. முழுசாகத் தோற்றவருக்குப் பேச ஒன்றும் இல்லை. எட்டு லட்சம் கேட்டு ஆறு லட்சம் கிடைத்தவருக்கு? கிரயம் கேட்டு அட்வான்ஸ் மட்டும் கிடைத்தவருக்கு? கிருஷ்ணகிரி, ஓசூர், தருமபுரி, அரூர் என்று எந்தக் கோர்ட்டாக இருந்தாலும், புரோநோட்டு (கடன் உறுதிச்சீட்டு) வழக்கும் அக்ரிமெண்ட் (கிரய ஒப்பந்த) வழக்கும் இப்படி நடுவில் வந்து நிற்பது சகஜம். அந்த நடு நிலையில் செலவுத் தொகை எப்படிப் பங்கிடப்படுகிறது, காசுக்குத் தகுந்த பலன் இருக்கிறதா என்பதே இந்த மதிப்புரை.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம். சாதாரண சிவில் வழக்குக்கு ஐந்துக்கு இரண்டு. வணிக வழக்குக்கு மூன்றரை. லோக் அதாலத்துக்கு (சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்துக்கு) நான்கு. முதல் எண் குறைவாக இருப்பதற்குச் சட்டம் பாதிக் காரணம். வழக்குப் போடுகிறவர்கள் பிராதில் (வழக்கு மனுவில்) எழுதும் தொகை மீதிக் காரணம்.

தீர்ப்பின் கடைசிப் பத்தி

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு, செலவுத் தொகையை யார் யாருக்குக் கொடுப்பது, எவ்வளவு, எந்தச் சொத்திலிருந்து என்பதை நீதிமன்றத்தின் விருப்புரிமைக்கு விடுகிறது. ஆனால் அடிப்படை நெறி, வழக்கின் முடிவு எந்தப் பக்கமோ செலவும் அந்தப் பக்கம் என்பதுதான். அந்த நெறியிலிருந்து விலகினால் நீதிபதி காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். இந்த இரண்டாவது வரியைக் கட்சிக்காரர்கள் கவனிப்பதே இல்லை. ‘வழக்கின் தன்மையைக் கருதி செலவுத் தொகை இல்லை’ என்று ஒரே வரியில் முடிந்துவிட்டால், அது என்ன தன்மை என்று மேல்முறையீட்டில் கேட்க இடமுண்டு.

பகுதி வெற்றியில் தீர்ப்பின் முடிவுப் பத்தி நான்கு விதமாக வரலாம். ஒன்று, ‘பகுதியாக அனுமதிக்கப்படுகிறது, செலவுத் தொகையுடன்’. இது வாதிக்கு மிக நல்லது, அபூர்வம். இரண்டு, ‘விகிதாச்சாரச் செலவுத் தொகையுடன்’. மூன்று, ‘இரு தரப்புக்கும் விகிதாச்சாரச் செலவுத் தொகை’, அதாவது கிடைத்த பங்குக்கு வாதியும், தள்ளுபடியான பங்குக்குப் பிரதிவாதியும் செலவு பெறுவார்கள். நான்கு, ‘அவரவர் செலவை அவரவர் ஏற்க வேண்டும்’.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள வித்தியாசம் ஆயிரக்கணக்கில் இருக்கும். தீர்ப்பு படிக்கப்படும் நாளில் ‘டிக்ரி ஆகிவிட்டது’ என்று கேட்டவுடன் வெளியே வந்துவிடாமல், இந்த வரி என்ன என்று வக்கீலிடம் கேட்டுக்கொள்வது நல்லது. ஈகோர்ட்ஸ் செயலியில் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை (வழக்கின் தனி அடையாள எண்ணை) போட்டால் வழக்கின் நிலை இலவசமாகத் தெரியும். ஆனால் செலவு அட்டவணையைச் சரிபார்க்கத் தீர்ப்பாணையின் (டிக்ரியின்) சான்றிட்ட நகல்தான் வேண்டும்; செயலியை நம்பி உட்கார வேண்டாம்.

ஒரு புரோநோட்டுக் கணக்கு

கைமாற்றாக 5 லட்சம், இரண்டு ரூபாய் வட்டி, அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம். இரண்டரை வருடம் கழித்து வழக்கு. வட்டி 3 லட்சம், மொத்தம் 8 லட்சம். கோர்ட் ஃபீஸ் 24,000 ரூபாய்.

பிரதிவாதி 50,000 ரூபாய் ஜீபே-யில் அனுப்பியதை நிரூபிக்கிறார். நோட்டின் பின்பக்கம் வரவு வைக்கப்படவில்லை. நீதிமன்றம் வட்டியையும் ஒரு ரூபாயாக, 12 சதவீதமாகக் குறைக்கிறது. அசல் 5 லட்சம், வட்டி ஒன்றரை லட்சம், கழிவு 50,000. ஆக 6 லட்சத்துக்கு டிக்ரி. கேட்டதில் முக்கால் பங்கு.

இனி செலவு அட்டவணை. கணக்கு எளிதாக இருக்க, விதிப்படி சேர்க்கத்தக்க வக்கீல் ஃபீஸ் இரு தரப்புக்கும் 20,000 என்றும், வாதியின் வக்காலத்து வில்லை, பேட்டா, டைப்பிங் எல்லாம் சேர்ந்து 1,000 என்றும், பிரதிவாதியின் சில்லறைச் செலவு 400 என்றும் வைத்துக்கொள்வோம். வாதியின் மொத்தம் 45,000. அதில் முக்கால் 33,750. பிரதிவாதியின் மொத்தம் 20,400. அதில் கால் 5,100. தீர்ப்பு ‘விகிதாச்சாரச் செலவுத் தொகையுடன்’ என்று மட்டும் சொன்னால் வாதிக்கு 33,750. ‘இரு தரப்புக்கும்’ என்று சொன்னால் 5,100 கழிந்து 28,650.

இப்போது கையிலிருந்து போனது எவ்வளவு? கோர்ட் ஃபீஸ் 24,000. வக்கீலுக்கு உண்மையில் கொடுத்தது 60,000 என்று வைத்துக்கொள்ளலாம். சில்லறை 1,000. போக்குவரத்து, ஜெராக்ஸ், சாட்சிக்குச் சாப்பாடு, வேலை கெட்ட நாட்கள் என்று 10,000. மொத்தம் 95,000. திரும்பியது 28,650, முப்பது சதவீதம். ஐந்துக்கு இரண்டு போட்டது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

இதே வாதி முதலிலேயே 12 சதவீத வட்டியும் 50,000 வரவும் காட்டி 6 லட்சத்துக்கு வழக்குப் போட்டிருந்தால்? கோர்ட் ஃபீஸ் 18,000. சேர்க்கத்தக்க வக்கீல் ஃபீஸ் 16,000 என்று குறைத்தே வைப்போம். சில்லறை 1,000. முழு வெற்றி, முழுச் செலவு 35,000. கையிலிருந்து போனது 89,000. கிடைத்த டிக்ரி தொகை அதே 6 லட்சம். போட்டது 6,000 குறைவு, திரும்பியது 6,350 அதிகம். வந்த வரவை மறைத்து எழுதியது பிடிபட்டு, சாட்சிக் கூண்டில் மானம் போகும் சங்கடமும் இல்லை.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. பிராதில் கேட்காத தொகையை நீதிமன்றம் தானாகக் கொடுக்காது. அதனால் ஒப்பந்தப்படி வட்டி கேட்க ஆதாரம் இருந்தால் கேட்கத்தான் வேண்டும். ஆனால் ‘எட்டுக் கேட்டால்தான் ஆறு வரும்’ என்று பேரம் பேசும் தொனியில் தொகையை ஏற்றுவதற்கு, ஏற்றிய ஒவ்வொரு லட்சத்துக்கும் 3,000 ரூபாய் கோர்ட் ஃபீஸ் உடனடி விலை; தள்ளுபடியாகும் பங்குக்கு எதிராளியின் செலவு அடுத்த விலை.

கவனிக்க: விகிதத்தைப் பிராது தாக்கலான தேதியில் கேட்ட தொகைக்கும் கிடைத்த தொகைக்கும் இடையில்தான் பார்க்க வேண்டும். வழக்கு நடந்த காலத்துக்கும் டிக்ரிக்குப் பிறகும் ஓடும் வட்டியை உள்ளே சேர்த்துக் கணக்குப் போட்டால் விகிதம் தப்பாகும். கோர்ட் ஃபீஸ் ஒரே 3 சதவீதமாக இருப்பதில் ஒரு வசதி: மொத்தத்தில் முக்கால் எடுத்தாலும், கிடைத்த 6 லட்சத்துக்கு நேரடியாக ஃபீஸ் கணக்கிட்டாலும் அதே 18,000-தான் வரும்.

அட்டவணைக்குள் எது நுழையும்

தீர்ப்பாணையின் அடியில் வாதி, பிரதிவாதி என்று இரண்டு பத்தி கட்டிய செலவு விவரம் இருக்கும். பிராது முத்திரை, வக்காலத்து முத்திரை, ஆவணங்களுக்கான முத்திரை, பேட்டா, கமிஷனர் (இடத்தைப் பார்வையிட கோர்ட் நியமிப்பவர்) ஃபீஸ், சாட்சிப்படி, வக்கீல் ஃபீஸ். 1976-இல் திருத்தப்பட்ட நடைமுறைச் சட்டத்தில் 20ஏ என்ற கட்டளை (விதித் தொகுப்பு) சேர்ந்தது. வழக்குக்கு முன் கொடுத்த நோட்டீஸ், டைப்பிங், ஆவணங்களைப் பார்வையிடக் கட்டிய கட்டணம், சாட்சிகளை அழைத்து வந்த செலவு, நகல் வாங்கிய செலவு ஆகியவற்றையும் கேட்கலாம் என்று அது சொல்கிறது. கேட்கலாம் என்றுதான் சொல்கிறது. கேட்காமல் யாரும் சேர்க்க மாட்டார்கள். ரசீது இல்லாமலும் சேர்க்க மாட்டார்கள். தபால் ரசீது, வில்லங்கச் சான்று வாங்கிய ரசீது, கமிஷனரிடம் கட்டியதற்கான மெமோ எல்லாவற்றையும் வழக்குக் கட்டிலேயே வைத்திருப்பது ஒரு பைசா செலவில்லாத வேலை.

பெரிய ஓட்டை வக்கீல் ஃபீஸில். 1973-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் கட்டண விதிகள்தான் தமிழ்நாட்டில் அளவுகோல். நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்களோ அது அல்ல, விதி எவ்வளவு அனுமதிக்கிறதோ அதுதான் எதிராளியின் தலையில் விழும். அதுவும் வக்கீல் தாம் பெற்ற ஃபீஸுக்குக் கட்டணச் சான்று தாக்கல் செய்திருந்தால்தான். சான்று இல்லையென்றால் அந்த வரியில் ‘கட்டணச் சான்று தாக்கல் செய்யப்படவில்லை’ என்று எழுதி, தொகை இருக்க வேண்டிய இடத்தில் கோடு போட்டுவிடுவார்கள். மேலே சொன்ன கணக்கில் அந்த ஒரு தாள் இல்லாவிட்டால் வாதியின் மொத்தம் 45,000-லிருந்து 25,000 ஆகும். முக்கால் பங்கு 18,750. பதினைந்தாயிரம் ரூபாய் ஒரு தாளில் போகிறது. வாதம் முடிந்து தீர்ப்புக்கு வைக்கும் கட்டத்திலேயே செலவுப் பட்டியலும் கட்டணச் சான்றும் போய்விட்டதா என்று கேட்டு உறுதிசெய்ய வேண்டும். தீர்ப்புக்குப் பிறகு கேட்பதில் பயன் குறைவு.

உச்ச நீதிமன்றம் 2005-இல் சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில், செலவுத் தொகை நடைமுறைக்கு ஒத்ததாக, உண்மையில் ஆன நியாயமான செலவாக இருக்க வேண்டும், செலவிட்ட நேரமும் பயணமும் தங்கலும்கூடக் கணக்கில் வர வேண்டும் என்று சொன்னது. நம் பக்கத்துச் சங்கம் தொடுத்த வழக்கு என்பதால் இதைப் பெருமையோடு மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் 2011-இல் சஞ்சீவ் குமார் ஜெயின் வழக்கில், டெல்லி உயர் நீதிமன்றம் விதித்த 45 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட செலவுத் தொகையை அதே உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. விதிகள் ஒரு வரம்பு வைத்திருக்கும்போது அந்த வரம்புக்குள்தான் கொடுக்க முடியும், குறைவாக இருந்தால் விதியைத் திருத்துங்கள் என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் கிருஷ்ணகிரியில் எதை எதிர்பார்க்கலாம் என்பது தெரியும். முதல் தீர்ப்பை மட்டும் காட்டி ‘முழு ஃபீஸும் வாங்கித் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அட்டவணைக்குள் வராத இன்னொன்று, வாய்தா செலவு. எதிராளி இழுத்தடித்ததற்காக நடைமுறைச் சட்டத்தின் 35பி பிரிவின்படி விதித்த தொகையை அவர் கட்டியாக வேண்டும். கட்டாவிட்டால் அவர் வழக்கை மேலே நடத்த முடியாது. அப்படிக் கட்டிய தொகை இறுதிச் செலவில் மறுபடி சேராது. பொய் வழக்குக்கு 35ஏ பிரிவில் கிடைக்கும் இழப்பீட்டுச் செலவு இன்னும் 3,000 ரூபாய் உச்சவரம்பில்தான் நிற்கிறது. பொய் வழக்குப் போட நினைப்பவரை அந்தத் தொகை ஒரு நிமிடம்கூட யோசிக்க வைக்காது.

ஓசூர் அக்ரிமெண்ட் வழக்கு: அதிகம் அடி வாங்கும் இடம்

ஓசூர், சூளகிரி பக்கம் மனை விலை ஏறிய பிறகு கிரய ஒப்பந்த வழக்கு போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கேட்கும் வழக்கில் கோர்ட் ஃபீஸ், கொடுத்த அட்வான்ஸுக்கு அல்ல, முழுக் கிரயத் தொகைக்கு. 40 லட்சத்துக்கு ஒப்பந்தம், 5 லட்சம் அட்வான்ஸ் என்றால் ஃபீஸ் 1,20,000. மாற்றுப் பரிகாரமாக அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டிருந்தாலும், இரண்டில் எந்த ஃபீஸ் அதிகமோ அதுதான் கட்ட வேண்டும்.

வாதி மீதிப் பணத்தோடு தயாராக இருந்ததை நிரூபிக்க முடியவில்லை. கிரயம் மறுக்கப்பட்டு, 5 லட்சம் வட்டியோடு திருப்பித் தர டிக்ரி. செலவு விகிதாச்சாரம் என்றால் நாற்பதில் ஐந்து, எட்டில் ஒரு பங்கு. கோர்ட் ஃபீஸில் திரும்புவது 15,000, போனது 1,05,000. பிரதிவாதிக்கும் விகிதாச்சாரம் என்று வந்தால் அவருடைய வக்கீல் ஃபீஸில் எட்டில் ஏழு பங்கு வாதி தலையில். அந்த ஃபீஸும் 40 லட்சம் மதிப்பை வைத்துக் கணக்கிட்டது. அட்வான்ஸிலேயே கணிசமாகக் கரைந்துவிடும்.

இங்கே வாதி தரப்பு கேட்க வேண்டியது, விகிதத்தைத் தொகையை வைத்து மட்டும் பார்க்காமல் நடத்தையையும் பார்க்கச் சொல்வது. அட்வான்ஸ் வாங்கவே இல்லை, கையெழுத்தே என்னுடையது இல்லை என்று பிரதிவாதி மறுத்திருந்து, கைரேகை அல்லது கையெழுத்து நிபுணர் வரை போய் அது பொய்யானால், அந்த எழுவினாவுக்கான (வழக்கில் முடிவு செய்ய வேண்டிய கேள்விக்கான) செலவு முழுவதும் அவர் மேல் விழ வேண்டும் என்று வாதத்திலேயே வைக்க வேண்டும். 35-ஆம் பிரிவு தரும் விருப்புரிமை அதற்குப் போதுமான அளவு அகலம். கேட்காத வாதத்தை எந்த நீதிபதியும் தேடி எடுத்து எழுத மாட்டார். கேட்கும்போது எந்த எழுவினா, எந்தச் சாட்சி, எவ்வளவு செலவு என்று பிரித்துக் காட்டினால் எடுபடும். பொத்தாம்பொதுவாக ‘பிரதிவாதி பொய் சொன்னார்’ என்றால் எடுபடாது.

பல பிரதிவாதிகள் இருக்கும்போது இன்னொரு சிக்கல். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று விற்பவரின் தம்பியையும் அக்காவையும் சேர்த்துப் போட்டு, அவர்கள் மேல் வழக்குத் தள்ளுபடியானால், அவர்கள் தனியாக வைத்த வக்கீலின் செலவு வாதியிடம் வரும். தேவையான கட்சிக்காரர் யார் என்பதை முதலிலேயே வடிகட்டுவது மலிவு.

வணிக வழக்கு: மேம்பட்ட மாடல்

3 லட்சத்துக்கு மேற்பட்ட வணிகத் தகராறு என்றால் 2015-ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டம் வரும். கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைக்கும் மாங்காய் மண்டிக்கும் இடையிலான சரக்குப் பாக்கி, ஓசூர் உதிரிபாகப் பட்டறைக்கும் கம்பெனிக்கும் இடையிலான பில் பாக்கி எல்லாம் இதில் அடங்கும். இந்த வழக்குகளுக்கு 35-ஆம் பிரிவே வேறு வடிவில் இருக்கிறது. செலவு என்பதில் நியாயமான சட்டக் கட்டணமும் சாட்சிச் செலவும் வழக்கு தொடர்பான மற்றச் செலவும் அடங்கும். தோற்றவர் கொடுப்பது பொது விதி. அதைத் தீர்மானிக்கும்போது பார்க்க வேண்டியவற்றைச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது: கட்சிக்காரர்களின் நடத்தை, முழுசாக ஜெயிக்காவிட்டாலும் ஒரு பகுதியில் ஜெயித்தாரா என்பது, வீண் எதிர்க்கோரிக்கை, நியாயமான சமரசத் தொகையை மறுத்தாரா என்பது.

உத்தரவின் வடிவமும் பலவகை. எதிராளியின் செலவில் இன்ன பங்கு, இன்ன தொகை, இன்ன தேதியிலிருந்து அல்லது இன்ன தேதி வரை, வழக்கின் இன்ன படிக்கு மட்டும், இன்ன பகுதிக்கு மட்டும் என்று பிரிக்கலாம். செலவுத் தொகைக்கு வட்டியும் கொடுக்கலாம். சாதாரண வழக்கில் இந்த வட்டி இல்லை. அதற்கு இடம் தந்த உட்பிரிவு 1956-லேயே நீக்கப்பட்டுவிட்டது. 35ஏ-யின் 3,000 ரூபாய் உச்சவரம்பும் வணிக வழக்குக்கு இல்லை.

சட்டம் ஒரு உதாரணத்தையே கொடுக்கிறது. ஒப்பந்த மீறலுக்குப் பணமும் நஷ்ட ஈடும் கேட்கிறார் வாதி. பணம் கிடைக்கிறது. நஷ்ட ஈட்டுக் கோரிக்கை வீணானது என்று நீதிமன்றம் கருதுகிறது. ஜெயித்த வாதி மீதே அந்த வீண் கோரிக்கைக்காகச் செலவு விதிக்கலாம். மண்டிக்காரர் 9 லட்சம் சரக்குப் பாக்கியோடு ‘மன உளைச்சலுக்கு 5 லட்சம்’ என்று ஒட்டுப் போடும் பழக்கத்துக்கு நேரடியான மருந்து இது. அந்த 5 லட்சத்துக்கு 15,000 ரூபாய் கோர்ட் ஃபீஸ் தனி.

சமரசத் தொகை பற்றிய விதி இருப்பதால், அவசரப் பரிகாரம் கேட்காத வணிக வழக்கில் வழக்குப் போடும் முன் கட்டாயமாக நடக்க வேண்டிய மத்தியஸ்தம் வெறும் சடங்கு அல்ல. தவிர, மத்தியஸ்தத்துக்கு வெளியே வக்கீல் நோட்டீஸ் மூலம் ‘இவ்வளவு தருகிறேன்’ என்று தொகையைக் குறிப்பிட்டு எழுதி வைப்பது பிரதிவாதிக்கு நல்ல ஆயுதம். மத்தியஸ்த அறைக்குள் பேசியது ரகசியம், அதை வெளியே காட்ட முடியாது, நோட்டீஸைக் காட்டலாம். 7 லட்சம் தர முன்வந்ததை வாதி மறுத்து, கடைசியில் 6.8 லட்சத்துக்கு டிக்ரி ஆனால், மறுத்த தேதிக்குப் பிந்தைய செலவை வாதியே ஏற்கட்டும் என்று கேட்க அடித்தளம் தயார்.

அரை மதிப்பெண் போதாமல் நான்கைத் தொடாததற்குக் காரணம், இத்தனை வசதி இருந்தும் செலவுக் கணக்கைப் படிவாரியாகப் பிரித்துத் தாக்கல் செய்கிறவர்கள் குறைவு. மொத்தமாக ஒரு தொகை எழுதிக் கொடுத்தால் மொத்தமாக ஒரு விகிதம்தான் திரும்பி வரும்.

லோக் அதாலத்

புரோநோட்டு வாதி தீர்ப்புக்குக் காத்திருக்காமல் லோக் அதாலத்தில் 5.75 லட்சத்துக்கு ஒத்துப்போனால், கட்டிய 24,000 ரூபாய் கோர்ட் ஃபீஸ் முழுசாகத் திரும்பும். அதுவும் எதிராளி பாக்கெட்டிலிருந்து அல்ல, அரசிடமிருந்து. ஆகவே வசூல் கவலை இல்லை. மத்தியஸ்தத்தில் முடிந்தாலும் தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69ஏ பிரிவில் முழுத் தொகையும் உண்டு. கோர்ட் அனுப்பாமல் கட்சிக்காரர்கள் தாங்களே வெளியில் பேசி முடித்துக்கொண்டாலும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் எம்.சி. சுப்பிரமணியம் வழக்கில் சொல்லிவிட்டது. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பேசி முடித்து, கோர்ட்டில் மெமோ போட்டு வழக்கை வாபஸ் வாங்கும் நம் பக்கத்து வழக்கத்துக்கு இது பெரிய வசதி. மெமோவில் ‘சமரசம் ஆனதால்’ என்ற காரணமும் கட்டணம் திரும்பக் கோரும் வேண்டுகோளும் இருக்க வேண்டும். வெறுமனே ‘வழக்கை நடத்த விருப்பமில்லை’ என்று எழுதினால் தகராறு.

குறை என்ன? லோக் அதாலத் தீர்வுக்கு மேல்முறையீடு இல்லை. வக்கீல் ஃபீஸ் எதுவும் எதிராளியிடமிருந்து வராது, சமரசத் தொகையிலேயே சேர்த்துப் பேசினால் ஒழிய. தவணை தவறினால் என்ன என்ற வரி இல்லாத சமரசமும் ஆபத்து. தவணை தவறினால் முழு வழக்குத் தொகைக்கும் நிறைவேற்றலாம் என்ற ஒரு வரியைக் கேட்டு எழுத வைக்க வேண்டும்.

மற்ற வழக்குகள், சுருக்கமாக

வரப்புத் தகராறில் விளம்புகை (உரிமையை அறிவிக்கும் பரிகாரம்) மறுக்கப்பட்டு உறுத்துக்கட்டளை (தடை உத்தரவு) மட்டும் கிடைத்தால், பணக் கணக்கு போல விகிதம் போட முடியாது. பிராதின் மதிப்பீட்டுப் பத்தியில் ஒவ்வொரு பரிகாரத்துக்கும் தனித்தனி மதிப்பு காட்டியிருந்தால் பிரிக்க ஒரு பிடி கிடைக்கும். இல்லாவிட்டால் ‘அவரவர் செலவு அவரவருக்கு’ என்று முடிவதற்கே வாய்ப்பு அதிகம். பாகப்பிரிவினையில் வெற்றி தோல்வி என்ற பேச்சே பொருந்தாது. கமிஷனர் செலவைப் பங்கு வீதத்தில் பிரிப்பதும், உறவைக் கருதி மற்றச் செலவை விட்டுவிடுவதும் வழக்கம். ஆனால் இல்லாத உயிலைக் கொண்டுவந்து பல வருடம் இழுத்தவருக்கு அந்தச் சலுகை கிடைக்கக் கூடாது என்று கேட்பதில் தவறில்லை.

நில எடுப்பு இழப்பீட்டில், 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கலெக்டர் நிர்ணயித்த தொகை நிலைக்காவிட்டால் செலவைச் சாதாரணமாக அரசுத் தரப்பே கொடுக்க வேண்டும். உரிமையாளர் கேட்டது மிதமிஞ்சிய தொகை என்று தோன்றினால் அதில் கழிக்கலாம். சென்டுக்குப் பத்து மடங்கு கேட்டால் ஜெயித்தும் செலவில் வெட்டு விழும். நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கொடுத்த பொருளுக்கோ சேவைக்கோ புகார்க் கட்டணமே இல்லை. செலவு ஒரு மொத்தத் தொகையாக வரும். விகிதக் கணக்குக்கு அங்கே வேலை இல்லை.

டிக்ரிக்குப் பிறகு

தீர்ப்பு சொன்ன 15 நாளுக்குள் தீர்ப்பாணை தயாராக வேண்டும் என்பது விதி. நகல் மனுவை அன்றே போட்டுவிடலாம். நகலுக்காகக் காத்திருக்கும் நாட்கள் மேல்முறையீட்டுக் காலக்கெடுவில் கழியும். நகல் வந்ததும் முதலில் செலவு அட்டவணையைக் கூட்டிப் பாருங்கள். கமிஷனர் ஃபீஸ் விட்டுப்போனது, கூட்டல் தவறு, தீர்ப்பில் ‘விகிதாச்சாரம்’ என்றிருக்க ஆணையில் முழுத் தொகை எழுதியது போன்றவை நடைமுறைச் சட்டத்தின் 152-ஆம் பிரிவு மனுவில் எப்போது வேண்டுமானாலும் திருத்தத்தக்கவை. நீதிபதி கொடுத்த விகிதமே தவறு என்றால் அது திருத்த மனுவில் வராது, மேல்முறையீடுதான்.

செலவுக்காக மட்டும் மேல்முறையீடு போடுவது பெரும்பாலும் வீண். கொள்கைப் பிரச்சினை இல்லாமல் மேல் நீதிமன்றம் கை வைப்பது அரிது. தள்ளுபடியான பங்குக்கு எப்படியும் மேல்முறையீடு போவதாக இருந்தால் செலவையும் ஒரு காரணமாகச் சேர்க்கலாம். புரோநோட்டுக் கணக்கில் அந்த 2 லட்சத்துக்கு ஃபீஸ் 6,000. மாவட்ட நீதிமன்றத்துக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். எதிராளி முந்திக்கொண்டு மேல்முறையீடு போட்டுவிட்டால், நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் எதிர் ஆட்சேபம் போட வழி இருக்கிறது.

இரு தரப்புக்கும் செலவு வந்திருந்தால் ஒருவருக்கொருவர் தனித்தனியாகக் காசோலை எழுத வேண்டியதில்லை. ஒரே தீர்ப்பாணையில் உள்ள எதிரெதிர்த் தொகைகளில் சிறியதைப் பெரியதில் கழித்து, மீதிக்குத்தான் நிறைவேற்றுதல் மனு (டிக்ரியை அமல்படுத்தக் கேட்கும் மனு). மனுவில் 5,100-ஐக் கழிக்காமல் முழுத் தொகைக்குக் கேட்டால் ஆட்சேபம் வரும், ஒரு வாய்தா போகும். செலவுத் தொகையும் டிக்ரியின் பகுதியே என்பதால் நிறைவேற்ற 12 வருடம் இருக்கிறது. சாதாரண வழக்கில் அதற்கு வட்டி ஓடாது என்பதால், பகுதித் தொகை வரும்போது அதை எதில் வரவு வைப்பது என்பதை ரசீதிலேயே எழுதிக்கொள்ளுங்கள்: முதலில் செலவு, அடுத்து வட்டி, கடைசியில் அசல்.